மாசியில் உதிரும் இலைகள்

மயிலாப்பூரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் சென்ற ஆண்டு புரட்டாசியில் அமெரிக்காவுக்குச் செல்வதாக இருந்தார். வெர்மான்ட் மாநிலத்து மலையூர் ஒன்றில் மகள் குடும்பத்துடன் ஒரு மாதம் தங்கி, மேப்பிள் மரங்கள் செந்நிறம் கொள்ளும் நாள்களில் மலைப்பாதைகளில் நடந்து வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். ஆவணியில் நெஞ்சுவலி வந்தது. பயணம் நின்றது. மகள் அனுப்பிய படங்களைக் கைப்பேசியில் பார்த்ததோடு அவ்வாண்டின் இலையுதிர் காலம் அவருக்கு முடிந்தது.

தை மாத இறுதியில் எங்கள் மருத்துவமனையில் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அவர் படுத்திருந்த அறையின் சன்னலுக்கு வெளியே ஒரு நாட்டு வாதுமை மரம் நிற்கிறது. பாதாம் மரம் என்றே எல்லோரும் அழைப்பார்கள். அந்நாள்களில் அதன் இலைகள் ஒவ்வொன்றாகச் சிவந்து, உள்ளங்கையினும் பெரிதான அவ்விலைகள் ஓசையோடு தரையில் விழுந்துகொண்டிருந்தன. அவருடைய மனைவி செவிலியரை அழைத்து, திரைச்சீலையை இழுத்து மூடிவிடச் சொன்னார். காரணம் கூறவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நோயாளியின் கண்ணெதிரே இலை உதிர்வதை வீட்டார் விரும்பாததை இதற்கு முன்பும் கண்டிருக்கிறோம்.

அன்று அந்த அம்மையாரிடம் சொல்ல வாய்ப்பில்லாமற்போன சிலவற்றை இங்கே எழுதுகிறோம்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அவ்வரிசையில் இலையுதிர் காலம் என்று தனியே ஒன்றும் இல்லை. அப்பெயர் பிற்காலத்தில் மேலைநாட்டுப் பருவத்தைக் குறிக்க நாம் ஆக்கிக்கொண்டது. ஆயினும் இலை உதிராத ஊரன்று சென்னை. மேலைநாடுகளில் பகற்பொழுது குறுகிக் குளிர் நெருங்கும்போது மரங்கள் இலையைக் கழிக்கின்றன. இங்கே மரத்திற்குப் பகை வறட்சியே. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடும். அதன்பின் பல மாதங்கள் மழையை எதிர்பார்ப்பதற்கில்லை. இலைகளின் வழியே நீர் ஆவியாகி வெளியேறுவதைக் குறைக்க, பின்பனிப் பருவமான மாசியிலும் பங்குனியிலும் பல மரங்கள் தம் இலைகளை விட்டுவிடுகின்றன. அறுபத்துமூவர் விழாவிற்கு மாடவீதிகளில் பந்தல் போடும் நாள்களே நம் ஊரின் இலையுதிர் நாள்கள் என்று கொள்ளலாம்.

உதிர்வது எப்படி என்பதும் அறியத்தக்கது. காற்று பறித்துக்கொண்டு போவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் மரமே அதற்கு ஆயத்தம் செய்கிறது. இலையில் உள்ள பச்சையம் சிதைக்கப்படுகிறது. அதிலிருந்து மீட்கத்தக்க சத்துகள் கிளைக்குத் திரும்புகின்றன. பச்சை விலகியதும், முன்பே உள்ளிருந்த மஞ்சள் நிறமிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. வாதுமை இலையின் சிவப்போ புதிதாக உண்டாக்கப்படுவது. ஆந்தோசயனின் என்பது அந்நிறமியின் பெயர். மேப்பிள் இலையைச் சிவக்கச் செய்வதும் அதுவே. இதற்கிடையில் காம்பின் அடியில் மெல்லிய உயிரணு அடுக்கு ஒன்று உருவாகி இலையைக் கிளையிலிருந்து பிரிக்கிறது. பிரிந்த இடத்தைத் தக்கை போன்ற படலம் மூடிவிடுகிறது. புண் ஆறிய பிறகே இலை விழுகிறது என்று சொன்னால் அது சற்று மிகை, ஆனால் பெருமிகையன்று.

மொட்டையான கிளை நம் ஊரில் நெடுநாள் மொட்டையாக இருப்பதும் இல்லை. அரசமரம் சில வாரங்களிலேயே செம்பு நிறத் தளிர்களால் மூடிக்கொள்கிறது. வேம்பும் அப்படியே, சித்திரைப் புத்தாண்டுப் பச்சடிக்கு வேண்டிய பூவும் உடன் வந்துவிடும். புங்கமரத்தின் புத்திலைப் பச்சையை வெயிலில் ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. கபாலீசுவரர் கோயிலின் தலமரமான புன்னை இவ்வரிசையில் சேராது. அது ஆண்டு முழுவதும் பசுமை மாறாதது.

மருத்துவமனைச் சன்னல்களைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப்பேரின் சன்னல் மரங்களை நோக்கியது. மறுபாதியினருக்குச் செங்கற்சுவரே காட்சி. மரங்களைக் கண்டவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், அதன்மீது பெரிய மாளிகை எழுப்பக் கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மே மாதத் தொடக்கத்திலிருந்து அக்டோபர் 20 வரை, அதாவது மரங்களில் இலை இருந்த மாதங்களின் பதிவுகளை மட்டுமே உல்ரிச் எடுத்துக்கொண்டார். இலையற்ற மரம் நோயாளிக்கு என்ன செய்யும் என்பதற்கு அவரிடம் விடையில்லை. திரைச்சீலையை மூடச் சொன்ன அம்மையாரை மறுக்க எங்களிடம் அறிவியல் ஏதும் இல்லை என்பதே இதன் பொருள்.

இனி, நடந்து சென்று காண விழைவோர்க்குச் சில சொற்கள். மலையேற வேண்டியதில்லை. மயிலாப்பூர் நாகேசுவர ராவ் பூங்காவும் தியாகராய நகர் நடேசன் பூங்காவும் சமதளப் பாதையும் அமர இருக்கைகளும் உடையவை. அறுவைக்குப் பின் முதல்முறை வெளியே நடப்போர்க்கு அவையே போதும். கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரை ஓரமாக அமைந்த மரப்பூங்கா சிறியதாயினும் நம் மண்ணின் மரங்களைக் காண நல்ல இடம். சற்றே வலிமை பெற்றவர்கள் அடையாறு பிரம்மஞான சபையின் தோட்டத்திற்குச் செல்லலாம். நுழைவு நேரத்தை முன்கூட்டிக் கேட்டறிந்து செல்வது நல்லது. அங்குள்ள பழைமையான ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்தது. விழுதுகள் தண்டுகளாகி இன்றும் அம்மரத்தைத் தாங்குகின்றன. மலை ஒன்று ஏறியே தீர வேண்டும் என்போர்க்குப் பரங்கிமலை இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். உங்கள் மருத்துவர் இசைவு தந்த பிறகே அதை எண்ணுங்கள்.

நடக்கும்போது உடன் வருபவரோடு தடையின்றிப் பேச முடிய வேண்டும். வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி என்று பொருள். நெஞ்சில் இறுக்கமோ, தலைச்சுற்றலோ, வழக்கத்திற்கு மாறான வியர்வையோ தோன்றினால் உடனே அமர்ந்துவிடுங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை தரப்பட்டிருந்தால் அது வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை, சட்டைப்பையில் இருக்கட்டும். வலி தணியாவிட்டால் வீட்டிற்குத் திரும்ப முயலாமல் அவசர ஊர்தியை அழையுங்கள். இன்சுலின் எடுப்பவர்கள் சிறிது சர்க்கரையோ மிட்டாயோ கையில் வைத்திருக்க வேண்டும். மாசியிலும் எட்டு மணிக்கு மேல் வெயில் சுடத் தொடங்கிவிடும். எனவே காலையிலேயே புறப்படுக. நீர் அளவு வரையறுக்கப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் தாகத்தைக் காரணம் காட்டி அவ்வளவை மீற வேண்டாம்.

சருகு அழகியது, ஆனால் கீழே மறைந்திருப்பதைக் காட்டாது. வாதுமைக் காய் காலடியில் உருளும். உணர்வு குறைந்த பாதமுடைய நீரிழிவு நோயாளிகள் மூடிய காலணி அணிந்து, வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வருக. உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும் புற்றுநோய் மருந்து பெறுவோரும் மட்கிய இலைக்குவியலைக் கிளறுவதையும் அதனருகே நிற்பதையும் தவிர்க்க வேண்டும். அதில் பூஞ்சை வித்துகள் இருக்கும். தெருவோரம் சருகுக் குவியலை எரிக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஆஸ்துமா உடையவர்கள் அந்தப் புகை கண்ட தெருவை விட்டு வேறு தெருவில் நடப்பதே நன்று.

முதியவர் பத்தாம் நாள் வீடு திரும்பினார். அதற்கு முன்பே சன்னல் மரத்தில் தளிர் வரத் தொடங்கியிருந்தது. திரைச்சீலையும் எப்போதோ திறக்கப்பட்டிருந்தது. யார் திறந்தார்கள் என்று செவிலியருக்கு நினைவில்லை.

அண்மையில் மறுபரிசோதனைக்கு வந்தபோது, வீட்டருகே உள்ள பூங்காவை எத்தனை முறை சுற்றுகிறீர்கள் என்று அவரைக் கேட்டோம். ஒன்றரைச் சுற்று என்றார். முழுதாக இரண்டு சுற்றலாமே, ஏன் பாதியில் நிறுத்துகிறீர்கள் என்றோம். அந்த இடத்தில்தான் ஒரு பாதாம் மரம் இருக்கிறதாம். அதன் அடியில் உள்ள இருக்கையில் அவருடைய மனைவி அமர்ந்திருப்பாராம்.