கம்பி செல்லா அறைக்கு ஹோம் தியேட்டர்: வாங்குமுன் எண்ணுவோம்

வீடு கட்டும்போது விளக்குக்கும் மின்விசிறிக்கும் சுவருக்குள் குழாய் பதிக்கிறோம். ஒலிபெருக்கிக்கென்று குழாய் பதிப்போர் மிகச் சிலரே. பின்னர் ஹோம் தியேட்டர் வாங்க எண்ணும்போதுதான் இடர் புலப்படுகிறது. கான்கிரீட் சுவரில் காடி வெட்டுதல் எளிதன்று. வாடகை வீடாயின் உரிமையாளர் இசையார்.

இடமாறுதலுக்குப் பழகிய வங்கி அலுவலர்களாகிய எங்களுக்கும் இந்தப் பட்டறிவு உண்டு. புனேயில் வாடகை வீட்டில் குடியிருந்தபோது, ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு சப்வூஃபரும் அடங்கிய 5.1 தொகுதியைத் தவணையில் வாங்கினோம். பின்புறம் வைக்க வேண்டிய இரண்டுக்கும் கம்பி கொண்டுசெல்ல வழியில்லை. ஒருபுறம் வாசற்கதவு, மறுபுறம் பால்கனிக் கதவு. பன்னிரண்டு தவணைகளும் முடியும்வரை அவ்விரண்டும் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. ஒலிக்காத பொருளுக்கு வட்டி செலுத்தினோம். ஆகவே, முதலில் அறையைப் பார்க்க வேண்டும். அதன் பிறகே கடையைப் பார்க்க வேண்டும்.

‘வயர்லெஸ்’ என்பதன் பொருள்

‘வயர்லெஸ்’ ஒலிபெருக்கிக்கு ஒலியைக் கொண்டுவரும் கம்பி மட்டுமே தேவையில்லை. மின்கலத்தில் இயங்குவன நீங்கலாக, மற்றவற்றுக்கு மின்சாரம் வேண்டும். எனவே இருக்கைக்குப் பின்னால் பிளக் பாயின்ட் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். சில தொகுதிகளில் பின்புற ஒலிபெருக்கிகள் இரண்டும் ஒரு சிறு பெட்டியோடு கம்பியால் இணைக்கப்படும். அந்தப் பெட்டிக்கு மட்டும் மின் இணைப்புத் தந்தால் போதும். சாதாரண புளூடூத் ஒலிபெருக்கியைப் பின்னால் வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். அதன் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் உதட்டசைவோடு ஒத்துப்போகாமல் போகலாம்.

எதை விடலாம், எதை விடக்கூடாது

அனைத்துக்கும் இடமில்லையெனில் பின்புற ஒலிபெருக்கிகளை விட்டுவிடலாம். நடு ஒலிபெருக்கியை விடலாகாது. திரைப்படத்தின் உரையாடல் பெரும்பாலும் அதன் வழியேதான் வருகிறது. “இசை முழங்குகிறது, பேச்சுதான் விளங்கவில்லை” என்று குறைகூறும் முதியோர் உள்ள இல்லத்திற்கு, நடு ஒலிபெருக்கி தனியே அமைந்த 3.1 சவுண்ட்பார், 2.1 வகையைக் காட்டிலும் ஏற்றது. சப்வூஃபருக்கு இடக்கட்டுப்பாடு குறைவு. மிகத் தாழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவி எளிதில் உணராது. பிளக் பாயின்ட் உள்ள மூலையருகே வைத்துக்கேட்டு, ஒலி மிகையாக அதிர்ந்தால் சற்று நகர்த்தலாம்.

தொலைக்காட்சியின் பின்புறம் ‘ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ என்று குறிக்கப்பட்ட எச்டிஎம்ஐ துளை இருப்பின், சவுண்ட்பாரை இணைக்க ஒரே கேபிள் போதும்.

கம்பி இழுக்க இசைவு கிடைத்தால், சுவரோரம் பி.வி.சி. கேசிங் ஒட்டி அதனுள் செலுத்தலாம். சுவரை வெட்ட வேண்டியதில்லை. வழக்கமான அறைக்கு 1.5 சதுர மி.மீ. செப்புக் கம்பி போதுமானது. மின்கம்பி செல்லும் குழாயில் ஒலிபெருக்கிக் கம்பியைச் சேர்த்து இழுப்பது ஆபத்தானது.

தவணையின் உண்மை விலை

30,000 ரூபாயை ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில் 12 தவணைகளாகச் செலுத்தினால், மாதத் தவணை ஏறத்தாழ 2,708 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 2,493 ரூபாய். கடன் அட்டைத் தவணையாயின் அந்த வட்டியின்மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். ‘வட்டியில்லாத் தவணை’ என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். சுழிய வட்டி என்ற ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியது. ரொக்க விலை, தள்ளுபடி, செயலாக்கக் கட்டணம் மூன்றையும் கேட்டறிந்து ஒப்பிடுவது நலம்.

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் அறையை வரைந்து, கதவுகள், பிளக் பாயின்டுகள், இருக்கை, தொலைக்காட்சி ஆகியவற்றைக் குறித்துக்கொள்வோம். அந்த வரைபடத்தில் இடம் கிடைக்காத ஒலிபெருக்கிக்கு நம் பணத்திலும் இடமளிக்க வேண்டியதில்லை.