பரணிலிருந்து இறங்கிய எல்.பி. தட்டுகள்: பாடுமா, பாடவைக்க என்ன வேண்டும்?

வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு கட்டு இசைத்தட்டுகள் கிடைத்திருக்கின்றன. அப்பாவோ மாமாவோ வாங்கியவை. மேலே இளையராஜா இசையில் 'ஜானி', அடியில் 'நிழல்கள்', நடுவே உறை இல்லாமல் நாலைந்து. இனி இவற்றை என்ன செய்வது என்று யோசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

நாற்பது வருடம் ஆன தட்டு இன்னும் பாடுமா? பெரும்பாலும் பாடும். எண்பதுகளின் தட்டுகள் வினைல் (பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்) கொண்டு அழுத்தப்பட்டவை. கேசட் நாடாவில் பூச்சு உதிரும், பூஞ்சை ஏறும். வினைல் அப்படிச் சட்டென்று கெடாது. தட்டைக் கண்ணாடி மேசையில் வைத்துப் பாருங்கள். அலைபோல எழும்பி நின்றால் வளைந்திருக்கிறது. பிறகு விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் பரவாயில்லை. நகத்தை மெதுவாக வைத்தால் இடறும் கீறல்தான் 'டக் டக்' என்று கேட்கும், அல்லது ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடவைக்கும்.

எல்லாத் தட்டும் ஒன்றுதானா? இல்லை. 12 அங்குல அகலம் உள்ளது எல்.பி.; பெரும்பாலும் நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்தில் சுமார் 20 நிமிடப் பாட்டு. 7 அங்குலச் சிறிய தட்டு பொதுவாக 45 சுற்று. ஆனால் 'சூப்பர் 7' என்று வந்தவை அதே அளவில் 33⅓ சுற்றில் ஓடும். அதனால் அளவை நம்பாமல், நடுவில் ஒட்டியுள்ள காகிதத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். கட்டில் கனமான, கீழே விழுந்தால் உடையும் தட்டு இருந்தால் அது தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டு. அதற்கு வேறு முள் வேண்டும். தனியே எடுத்து வையுங்கள்.

பாட்டு எங்கே இருக்கிறது? கொசுவத்திச் சுருள் போல வெளி ஓரத்திலிருந்து உள்ளே போகும் ஒரே ஒரு பள்ளத்தில். அதன் சுவர்கள் நெளிந்திருக்கும். முள் அந்த நெளிவில் அதிரும்போது அந்த அதிர்வு மின்சாரமாகி, ஸ்பீக்கரில் ஒலியாகிறது. ஸ்டீரியோ (இடமும் வலமும் தனித்தனி ஒலி) தட்டில் ஒரு சுவர் இடப்பக்க ஒலிக்கு, மறு சுவர் வலப்பக்க ஒலிக்கு.

இனி முக்கியமான கேள்வி. எந்தக் கருவி வாங்குவது? கடையிலும் இணையத்திலும் முதலில் கண்ணில் படுவது அழகான சூட்கேஸ் வடிவப் பிளேயர். விலை குறைவு, ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கும். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்த வகையில் பெரும்பாலானவற்றில் முள் தட்டை அழுத்தும் எடை 5 கிராம் வரை போகும். நல்ல பிளேயரில் அது 2 கிராம் அளவில்தான் இருக்கும். அந்த எடையைக் கூட்டிக் குறைக்கவும் சூட்கேஸ் பிளேயரில் வழி இருக்காது. புதிதாக வாங்கிய தட்டைப் போட்டு விளையாடலாம். இன்னொன்று கிடைக்காத அப்பாவின் தட்டை அதில் தினமும் ஓட்டாதீர்கள்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? முள்ளைத் தாங்கும் கையின் பின்னால் எடையைச் சரிசெய்யும் குமிழ் இருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் சிறு பெட்டி) கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். வைர முள்ளும் தேயும். ஐந்நூறு முதல் ஆயிரம் மணி நேரத்துக்குள் மாற்றுங்கள். தேய்ந்த முள் பள்ளத்தைச் சீவிவிடும், போன ஒலி திரும்பாது.

வாங்கி வந்து ஸ்பீக்கரில் செருகினால் ஒலி சன்னமாக, தகரம் தட்டுவதுபோல வருகிறதே? பயப்படாதீர்கள், பிளேயர் கெட்டுப்போகவில்லை. தட்டு வெட்டும்போதே கனத்த ஒலிகளைக் குறைத்து, கூர்மையானவற்றைக் கூட்டித்தான் பதிகிறார்கள். அப்போதுதான் பள்ளம் குறுகலாக நின்று ஒரு பக்கத்தில் நிறையப் பாட்டு அடங்கும். அதைத் திருப்பிச் சரிசெய்து ஒலியையும் பெருக்க ஃபோனோ ப்ரீஆம்ப் (தட்டுக்கென்றே உள்ள முன்பெருக்கி) வேண்டும். சில பிளேயர்களில் உள்ளேயே இருக்கும். விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய பழைய பிளேயரா? வோல்டேஜ் மாற்றி போட்டாலும் சிக்கல் தீராது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் (ஒரு நொடியில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும் எண்ணிக்கை), இங்கே 50. வீட்டு மின்சாரத்தில் அப்படியே ஓடும் பழைய மோட்டார்கள் பல இதனால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். பாடகி ஜானகியின் குரல் யாருடையது என்றே தெரியாமல் போகும். அடாப்டரில் ஓடும் புதிய பிளேயருக்கு இந்தத் தொல்லை இல்லை.

எப்படித் துடைப்பது? குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, மென்மையான துணியால் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை. நடுக் காகிதம் நனையக் கூடாது. நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். 78 தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. அது அரக்கால் ஆனது, கரைந்துவிடும். வைக்கும்போது புத்தகத்தை அடுக்குவதுபோல் செங்குத்தாக வையுங்கள். சித்திரை மதியத்தில் மூடிய காருக்குள் விட்டுவந்த தட்டை மறந்துவிடலாம்.

சரி, கேட்டால் அன்று கேட்டது மாதிரியே இருக்குமா? அநேகமாக இருக்காது. எண்பதுகளில் எல்.பி. வாங்கும் வசதி எத்தனை வீடுகளுக்கு இருந்தது? நம்மில் பலர் கேட்டது இலங்கை வானொலியில், டீக்கடையில், பஸ்ஸில். அதற்கு மேல் ரெக்கார்டிங் சென்டர். ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, அறுபதோ தொண்ணூறோ நிமிடக் காலி கேசட்டோடு கொடுத்தால், கடைக்காரர் தன் எல்.பி.யை ஓட்டிப் பதிந்து தருவார். காப்புரிமை பற்றி அங்கே யாரும் பேசியதாக நினைவில்லை. ஆக, பலரின் மனதில் இருப்பது தட்டின் ஒலி அல்ல, அதைப் பிரதி எடுத்த நாடாவின் ஒலி.

அதனால் முதல் தடவை சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். பாஸ் கிடார் தனியாக நடக்கும், வயலின்கள் ஒரு பக்கம் விலகி நிற்கும். இரண்டு வாரம் பொறுத்துக் கேளுங்கள். இளையராஜா அந்த பாஸ் கிடாருக்குப் பாட்டின் அடியில் இன்னொரு மெட்டையே எழுதியிருப்பது அப்போதுதான் பிடிபடும். தட்டைத் தேடிக் கேட்க வேறு காரணமே எனக்குத் தேவைப்படவில்லை. படத்தில் வராத பாட்டுகளும் தட்டில் உண்டு. 'அலைகள் ஓய்வதில்லை' (1981) தட்டில் ஜானகி பாடிய காலைப் பொழுதுப் பாட்டு படத்தில் இல்லை என்பது தெரிந்த ரசிகர்கள் இன்னும் குறைப்பட்டுக்கொள்வார்கள்.

விற்றால் பணம் வருமா? பாட்டு நிறைய விற்ற படம் என்றால் தட்டும் ஊரெங்கும் இருக்கும்; பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். கேசட் ஆட்சிக்கு வந்த பின், எண்பதுகளின் கடைசியில் குறைவாக அச்சான தட்டுகளுக்குத்தான் தேடல் அதிகம். கிழியாத அட்டை உறை இருந்தால் விலை கூடும்.

கணினியில் ஏற்றி வைத்துக்கொள்ளலாமா? நீங்கள் மட்டும் கேட்பதற்கு ஏற்றலாம். இணையத்தில் போடுவது வேறு கதை. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை 60 ஆண்டுகள், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து எண்ணப்படும். 1981-இல் வந்த தட்டுக்கு 2041 முடியும் வரை உரிமையாளர் உண்டு.