ராக் இசை பிடிக்காத அம்மா

‘ஆல்மோஸ்ட் ஃபேமஸ்’ (2000) படம் பார்த்தவர்களிடம் பிடித்த பாத்திரம் எது என்று கேட்டால், பலரும் கிட்டார் கலைஞர் ரஸ்ஸலையோ ரசிகை பென்னி லேனையோதான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தவர் ராக் இசையை வீட்டுக்குள்ளேயே விடாத இலேன் மில்லர் என்ற அம்மா. காரணம் சொல்கிறேன்.

கதை 1973இல் நடக்கிறது. இலேனின் மகன், சான் டியேகோ பையன் வில்லியமுக்கு வயது 15. ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகைக்காக ரஸ்ஸலின் ஸ்டில்வாட்டர் என்ற ராக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றுகிறான். இயக்குநர் கேமரன் குரோவும் பதின்வயதிலேயே அந்தப் பத்திரிகைக்கு எழுதியவர்தான்.

இலேன் கல்லூரி ஆசிரியை. நடித்தவர் ஃபிரான்சஸ் மெக்டார்மண்ட். மகள் அனிதா ஒளித்துக் கொண்டுவந்த சைமன்-கார்ஃபங்கல் இசைத்தட்டைப் பிடுங்கி, உறையில் இருக்கும் இருவரின் கண்களைக் காட்டி, ‘கஞ்சா அடித்திருக்கிறார்கள் பார்’ என்கிறார். கண்டிப்பு தாங்காமல் அனிதா வீட்டைவிட்டே போய்விடுகிறாள். அம்மா பிடித்த பிடி தவறு என்பதைப் படம் மறைக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையை அப்படி இழந்தவர், அடுத்த பிள்ளையை அதே ராக் உலகத்துக்குத் தானே அனுப்பிவைக்கிறாரே, அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! பயம் மட்டும் போகவில்லை. அவன் தங்கும் ஓட்டல்களுக்கெல்லாம் போன் போடுகிறார்.

ஒருமுறை ரஸ்ஸல், பேசியே சமாளித்துவிடலாம் என்று வில்லியமிடமிருந்து போனை வாங்கிக்கொள்கிறார். இலேனிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. மகனுக்கு ஒன்று ஆனால் சும்மா விடமாட்டேன் என்கிறார். எந்த அம்மாவும் சொல்வதுதான். அதற்குப் பிறகு சொல்வதில்தான் நான் அவரிடம் விழுந்தேன்: நீங்களும் உருப்படியான மனிதராக இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்கிறார். மிரட்டுகிற வாயாலேயே அவர்மேல் நம்பிக்கையும் வைக்கிறார். ரஸ்ஸல் பள்ளிக்கூடப் பையனாகச் சுருங்கிப்போகிறார்.

ரஸ்ஸலைச் சுற்றி எல்லோரும் துதிபாடிகள். 50 டாலருக்கும் ஒரு பெட்டி பீருக்கும் பென்னியை வேறொரு குழுவிடம் சீட்டாட்டத்தில் தோற்கும்போதும் தடுக்க ஆளில்லை. வில்லியம் எழுதியது பொய் என்று பத்திரிகையிடம் சாதிப்பவரும் இதே ரஸ்ஸல்தான்.

பிறகு அவரே போன் செய்து, அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொள்கிறார். அந்த அம்மாவின் பேச்சுதான் காரணம் என்று படம் எங்கேயும் சொல்லவில்லை. நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். பயணம் முழுக்கத் தட்டிக்கழித்த பேட்டியை, கடைசியில் இலேனின் வீட்டுக்கே வந்துதான் வில்லியமுக்குக் கொடுக்கிறார்.