தற்காப்புக் கலை பயில எங்கே போகலாம்?

சென்ற ஆண்டு பெற்றோர் கூட்டம் முடிந்து நாற்காலிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார், மகளின் கையைப் பிடித்தபடி என்னிடம் வந்தார்.

“டீச்சர், இவளைக் கராத்தே கிளாஸ்ல சேக்கலாம்னு இருக்கோம். டவுன்ல எது நல்ல கிளாஸ்னு நீங்கதான் சொல்லணும்.”

“வீடு எங்கேம்மா?”

“தண்டராம்பட்டு ரோட்டுல, டீச்சர். பஸ்ஸை விட்டு எறங்கி உள்ளே நடக்கணும்.”

“வகுப்பு எத்தனை மணிக்கு முடியும் என்றார்கள்?”

“ஏழரைன்னு சொன்னாங்க.”

“அதற்குப் பிறகு எப்படி வீட்டுக்குப் போவாள்?”

தாயார் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். பதில் இல்லை.

தன்னைக் காத்துக்கொள்ளக் கற்பதற்காகவே ஒரு பெண் குழந்தை வாரத்தில் மூன்று நாள் இருட்டில் தனியே நடக்க வேண்டியிருந்தால், அந்தக் கல்வியின் பயன் என்ன? உடற்கல்வி ஆசிரியை என்ற முறையில் இந்தக் கேள்வி என்னிடம் ஆண்டுதோறும் வருகிறது. “எது நல்ல பயிற்சிக்கூடம்?” என்று கேட்பவர்கள் பலர். “அங்கே எப்படிப் போய்வருவது?” என்று உடன் கேட்பவர்கள் சிலரே. இரண்டும் ஒரே கேள்விதான் என்பதை மாணவியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

எதற்காகக் கற்கிறோம்?

தற்காப்புக் கலை பயில வருகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று நோக்கங்கள் உண்டு. ஆபத்தில் தப்பிக்கத் தெரிய வேண்டும் என்பது ஒன்று. உடல் உறுதியும் மனத் துணிவும் வேண்டும் என்பது மற்றொன்று. போட்டிகளில் கலந்துகொண்டு பரிசு பெற வேண்டும் என்பது மூன்றாவது. நோக்கம் எதுவோ, அதற்கேற்பத்தான் போகக்கூடிய தூரமும் அமையும்.

ஆபத்தில் தப்பிக்கும் திறன் மட்டுமே வேண்டுமென்றால் அதற்குப் பல ஆண்டுகள் தேவையில்லை. கனடா நாட்டில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியருக்கு மும்மூன்று மணி நேரமாக நான்கு அமர்வுகளில், மொத்தம் 12 மணி நேரம் பயிற்சி கொடுத்து ஆராய்ந்தார்கள். அபாயத்தை முன்கூட்டி உணர்வது, தயங்காமல் மறுப்பது, உரத்துக் கூவுவது, பிடியிலிருந்து விடுவித்துக்கொள்வது ஆகியவையே அந்தப் பாடங்கள். பயிற்சி பெற்றவர்களிடையே அடுத்த ஓராண்டில் வன்கொடுமைக்கு ஆளானவர்களின் விகிதம், பெறாதவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது என்று 2015ஆம் ஆண்டு அதன் முடிவு வெளியாயிற்று. இதைக் கற்க எந்தக் கறுப்புப் பட்டையும் வேண்டியதில்லை. ஒரு விடுமுறை முகாமே போதும்.

உடலும் மனமும் உறுதிப்பட வேண்டுமானால் இரண்டு மூன்று ஆண்டுகளாவது இடைவிடாமல் பயில வேண்டும். அதற்குத் தொலைவில் உள்ள பெயர்பெற்ற கூடத்தைவிட அருகில் உள்ள ஒழுங்கான கூடமே மேல். போட்டிக்குப் போக விரும்புகிறவர்களுக்கு மட்டுமே தேர்ந்த பயிற்சியாளரைத் தேடித் தொலைவு போகும் தேவை ஏற்படும். அதையும் முதல் நாளே செய்ய வேண்டியதில்லை. அடிப்படையை அருகில் கற்று, ஆர்வமும் திறமையும் தெரிந்தபின் போகலாம்.

எந்தக் கலை?

“எல்லாவற்றிலும் சிறந்தது எது?” என்று மாணவியர் கேட்பார்கள். நல்ல ஆசான் கையில் எல்லாமே சிறந்தவைதாம். ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஓர் இயல்பு உண்டு.

சிலம்பம் நம் மண்ணின் கலை. பயில்பவரின் புருவ உயரத்துக்கு ஒரு கம்பும், மேடுபள்ளம் இல்லாத ஒரு களமும் இருந்தால் போதும். கம்பைச் சுழற்றுவதற்கு முன்பு காலடி கற்பிப்பார்கள். எந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்தாலும் தடுமாறாமல் திரும்பி நிற்கக் கால்கள் பழகுகின்றன. கம்பில்லாமல் வெறுங்கையால் செய்யும் குத்துவரிசையும் உண்டு. இக்கலைக்கு இப்போது புதிய மதிப்பும் வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது.

கராத்தே ஜப்பானின் தென்பகுதித் தீவாகிய ஒகினாவாவில் வளர்ந்தது. அங்கிருந்து வந்த பூனகோஷி கிச்சின் என்ற பள்ளி ஆசிரியர் 1922இல் டோக்கியோவில் அதைச் செய்துகாட்டிய பின்பே ஜப்பான் முழுவதும் பரவிற்று. குத்து, உதை, தடுப்பு ஆகியவற்றை வரிசைப்படுத்திக் கற்பிப்பதால், பல மாணவியர் ஒரே நேரத்தில் பயில ஏற்றது.

ஜூடோவை 1882இல் டோக்கியோவில் தொடங்கியவர் ஜிகோரோ கானோ. அவரும் ஓர் ஆசிரியரே. எதிராளியின் பலத்தையே பயன்படுத்தி அவரைக் கீழே சாய்ப்பது இதன் முறை. முதல் பாடமே அடிபடாமல் விழுவது எப்படி என்பதுதான். ஆகவே நல்ல மெத்தை விரிப்பு இல்லாத இடத்தில் ஜூடோ பயிலவே கூடாது. கானோவிடம் நேரில் பயின்ற கெய்கோ புகுடா என்ற அம்மையார், 2011ஆம் ஆண்டு தமது 98ஆம் வயதில் பத்தாம் நிலைப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஆனார். பெண்களுக்கான ஜூடோ ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாக இடம்பெற்றதோ 1992இல்தான்!

தூரக் கணக்கு

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். வாரத்துக்கு மூன்று வகுப்புகள். ஆண்டுக்கு 48 வாரங்கள். மொத்தம் 144 வகுப்புகள். வகுப்புக்கு ஒரு மணி என்றால் பயிற்சி நேரம் 144 மணி.

பேருந்துக்குக் காத்திருப்பதும் சேர்த்துப் போக 50 நிமிடம், வர 50 நிமிடம் ஆகுமானால், ஆண்டில் 240 மணி நேரம் வழியிலேயே கழிகிறது. கற்கும் நேரத்தைவிடப் பயண நேரம் அதிகம்! அதே கூடம் 15 நிமிட தூரத்தில் இருந்தால் வழியில் கழிவது 72 மணி மட்டுமே. மிச்சமாகும் 168 மணி நேரத்தில் எவ்வளவு படிக்கலாம், எவ்வளவு உறங்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அதனால் காசு மிச்சமாகலாம்; காலம் மிச்சமாகாது.

நம் ஊருக்கென்று தனிக் கணக்குகளும் உண்டு. ஆனி மாதத்தில் மாலை ஆறரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கார்த்திகையில் ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். கோடை விடுமுறையில் சேரும்போது வெளிச்சத்தில் முடிகிற வகுப்பு, மழைக்காலத்தில் இருட்டில் முடியும். பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் நிறைந்து போக்குவரத்து மாற்றி விடப்படும். தீபத் திருவிழாவின்போது பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நின்றுவிடும். மாட வீதிகளுக்கு அருகில் உள்ள கூடத்தில் சேர்வதானால், அந்த நாட்களில் வகுப்பு உண்டா, எந்த வழியாகப் போவது என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாட்களில் வேறோர் ஊரில், மிகப் பெயர்பெற்ற ஒரு கூடத்தில் சேர்ந்தேன். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். முதல் மாதம் ஒரு நாளும் தவறவில்லை. இரண்டாம் மாதம் மழை. மூன்றாம் மாதம் தேர்வு. ஐந்தாம் மாதம் நின்றுவிட்டேன். என்னோடு படித்த தோழி தன் தெருக்கோடியில் இருந்த சாதாரணச் சிலம்பக் களத்துக்கு நான்கு ஆண்டுகள் நடந்தே போய்வந்தாள். ஆசானின் புகழில் எனக்கு வெற்றி. கலையில் அவளுக்கு வெற்றி.

ஆசானை அறிவது எப்படி?

‘தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்’ என்பது பழமொழி. பலகை மாட்டியவர் எல்லாம் ஆசான் ஆகிவிட முடியாது. பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். இவற்றைக் கவனியுங்கள்:

1. தொடக்கத்தில் பத்து நிமிடமாவது உடலைச் சூடேற்றும் பயிற்சிகள் தருகிறார்களா?

2. புதிதாக வந்த குழந்தையிடம் ஆசான் எப்படிப் பேசுகிறார்? தவறு செய்தவளைப் பிறர்முன் கேலி செய்கிறாரா, திருத்துகிறாரா?

3. மோதல் பயிற்சியில் வயதும் எடையும் பார்த்து இணை சேர்க்கிறார்களா? தலையில் அடிபட்டால் உடனே நிறுத்துகிறார்களா?

4. பெண் குழந்தைகள் எத்தனை பேர்? ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வருபவர் எத்தனை பேர்? இதை அவர்களிடமே கேளுங்கள்.

5. கழிப்பறை, உடை மாற்றும் இடம், குடிநீர், முதலுதவிப் பெட்டி உண்டா?

6. மாதத்தில் அந்த மூன்று நாட்களில் ஓய்வு வேண்டுமென்றால் முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்களா?

பட்டைகளைப் பற்றியும் ஒரு சொல். கராத்தேயில் பல பிரிவுகளும் சங்கங்களும் இருக்கின்றன. ஒரு சங்கத்தின் சான்றிதழை மற்றொன்று ஏற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒழுங்காகப் பயில்பவர் கறுப்புப் பட்டை பெறப் பொதுவாகச் சில ஆண்டுகள் ஆகும். “ஓராண்டில் கறுப்புப் பட்டை” என்று யாரேனும் உறுதி கூறினால் அங்கே விற்கப்படுவது பட்டையே, கலை அல்ல. மாதக் கட்டணத்தோடு, பட்டைத் தேர்வுக்கும் உடைக்கும் போட்டிகளுக்கும் ஆண்டில் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நல்ல ஆசான் ஆணாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கேரளத்தின் வடகரையில் மீனாட்சி அம்மா என்ற களரிப்பயிற்று ஆசிரியை இருக்கிறார். ஏழு வயதில் களரியில் இறங்கியவர். கணவர் ராகவன் குருக்கள் நிறுவிய களரியில் ஆண், பெண் பேதமின்றிப் பல தலைமுறைக் குழந்தைகளுக்குக் கற்பித்தவர். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வாளும் கேடயமும் ஏந்தி நிற்கும் அந்தப் பாட்டிக்கு 2017ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வகுப்பைப் பெற்றோர் எந்த நாளும் வந்து பார்க்கலாம் என்று சொல்கிற கூடத்தையே தேர்ந்தெடுங்கள். “பெற்றோர் உள்ளே வரக் கூடாது” என்றால் அந்த இடம் வேண்டாம். நிலையைத் திருத்தும்போது கையையோ தோளையோ தொட நேரிடலாம். நல்ல ஆசான் சொல்லிவிட்டுத் தொடுவார், எல்லோர் முன்னிலையிலும் தொடுவார். தனியே ஒரு குழந்தையை மட்டும் நிறுத்திவைத்துக் கற்பிப்பதும், அனுமதியின்றிக் கைப்பேசியில் படம் எடுப்பதும் தவறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் உள்ளது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, மகளிருக்கானது 181. இவ்விரு எண்களும் மனப்பாடமாக இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, “இன்றைக்குப் போக மாட்டேன்” என்று குழந்தை சொன்னால், சோம்பல் என்று முடிவு கட்டுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.

மாணவியருக்கும் சொல்வேன்: கற்ற கலையைக் காட்டிச் சண்டைக்குப் போவது கலையும் அல்ல, வீரமும் அல்ல. ஆபத்து நேர்ந்தால் கூச்சலிட்டு, கூட்டமுள்ள இடத்தை நோக்கி ஓடுவதே முதல் பாடம். ஓட வழியில்லாத நொடிக்காகவே மற்றப் பாடங்கள்.

அருகில் இல்லையென்றால்?

செங்கம், போளூர், வேட்டவலம் சாலைகளில் உள்ள சிற்றூர்களிலிருந்து வரும் மாணவியர் “எங்களுக்கு வழியே இல்லையா?” எனக் கேட்கலாம். உண்டு. முதலில் உங்கள் ஊரிலேயே விசாரியுங்கள். திருவிழாவில் கம்பு சுற்றுகிற பெரியவர் யாரிடம் கற்றார் என்று கேட்டால் ஓர் ஆசான் அகப்படலாம். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டால், எந்தெந்த விளையாட்டுக்கு எங்கே பயிற்சி நடக்கிறது என்று சொல்வார்கள். ஒரே திசையில் வீடுள்ள நான்கு மாணவியர் ஒரே வகுப்பில் சேர்ந்து, பெற்றோர் முறைவைத்து அழைத்துவரலாம். இவை எதுவும் கூடாவிட்டால், நாம் ஆசானைத் தேடிப் போவதற்குப் பதில் ஆசானை நம்மிடம் அழைக்கலாம். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து கேட்டால், பள்ளி முடிந்ததும் நம் மைதானத்திலேயே ஒரு மணி நேரம் கற்பிக்க ஏற்பாடு செய்ய இயலுமா என்று தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் நானே கேட்கிறேன். எல்லோரும் வெளிச்சம் இருக்கும்போதே பேருந்து ஏறிவிடலாம்.

தண்டராம்பட்டுச் சாலை மாணவியை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவள் டவுன் வகுப்பில் சேரவில்லை. பக்கத்துத் தெருவில், வயதான ஒரு சிலம்ப வாத்தியாரிடம் கம்பு பிடித்திருக்கிறாள். பட்டையும் இல்லை, வெள்ளை உடையும் இல்லை. இந்த ஆண்டு பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவள் தாயாரிடம், “எப்படிப் போகிறது?” என்று கேட்டேன்.

“ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடறா, டீச்சர். இப்ப அவ தங்கச்சியும் கூடப் போறா” என்றார்.