ஊசியில் வரும் டெஸ்டோஸ்டிரோன்

"சார், ஊசி போட்டால் சீக்கிரம் உடம்பு ஏறுமாமே?" என்று நான்காம் படிவ மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். இதே போன்ற ஆசை 1889இல் பாரிஸில் பிரௌன் செக்கார் என்ற 72 வயது மருத்துவ அறிஞருக்கும் வந்தது. நாய், கினி எலி ஆகியவற்றின் விரைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, இழந்த பலம் திரும்பிவிட்டதாக அறிவித்தார். அந்தச் சாற்றில் ஹார்மோன் மிகமிகக் குறைவு. வேலை செய்தது அவருடைய நம்பிக்கைதான்!

டெஸ்டோஸ்டிரோன் 1935இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. விரைகள் போதிய அளவு சுரக்காதவர்களுக்கு இன்று அதை ஊசியாகவோ தோலில் பூசும் ஜெல்லாகவோ தருகிறார்கள். ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகப் பெற்றுப் பிறந்த ஆண்கள் பலருக்கு இது தேவைப்படுகிறது. அவர்களின் தசைக்கும் எலும்புக்கும் இது வலுவூட்டும்.

சரி, குறையில்லாதவர் போட்டுக்கொண்டால்? தண்ணீர்த் தொட்டியிலுள்ள மிதவையை நினைத்துப் பாருங்கள். தொட்டி நிறைந்ததும் அது உயர்ந்து குழாயை அடைத்துவிடும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் அப்படித்தான். இரத்தத்தில் ஹார்மோன் மிகுந்தால், விரைகளுக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைத்துவிடுகிறது. விரைகள் சுருங்கும், விந்தணு உற்பத்தி நின்றும் போகலாம். ஊசியை நிறுத்தினாலும் பழைய நிலை திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் கெட்டியாவதும் உண்டு. அதனால்தான் முறையாகச் சிகிச்சை பெறுபவருக்கும் இரத்தப் பரிசோதனை தொடர்கிறது.

உங்கள் வயதில் இன்னொரு சிக்கல். டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை உடல் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஆம், பெண் ஹார்மோன் என்று நாம் படிப்போமே, அதேதான்! எலும்பு நுனிகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகளை மூடுவது அதுவே. அவை முன்கூட்டியே மூடிவிட்டால், அதன்பின் உயரம் கூடாது.

இதைக் கேட்ட அந்த மாணவர் சற்று நேரம் பேசவில்லை. பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் விளையாடுபவர் அவர்.