புறூப் நாணயம்: அறிதலும் பேணலும்

நாணயம் வழங்குதற்கே உரியது. ஆயினும், நாணயசாலையின் தொழிற்றிறனைக் காட்டுதற்கும் சேகரிப்போர் பேணுதற்குமெனச் சில நாணயங்கள் தனியே அடிக்கப்படுவதுண்டு. அவற்றைப் ‘புறூப்’ நாணயம் என்பர்.

மெருகிட்ட அச்சினால், மெருகிட்ட தகட்டின்மீது, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி இவற்றை ஆக்குவர். ஆதலின் தளம் கண்ணாடிபோல் ஒளிரும், எழுத்தும் உருவமும் கூர்மையாய் எழுந்து நிற்கும், விளிம்பு மழுங்காதிருக்கும்.

புத்தர் பரிநிருவாணத்தின் 2500ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1957 எனப் பொறித்து வெளியான இலங்கையின் ஐந்து ரூபா வெள்ளி நாணயம் இதற்குத் தக்க சான்று. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியுடைய இந்நாணயம் சாதாரண வகையிலும் புறூப் வகையிலும் உண்டு. திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் இலங்கையிடம் ஒப்படைத்ததும் அவ்வாண்டிலேயே.

துறைமுகத் தொழிலாளியாயிருந்த தம் பாட்டனார் வைத்துச்சென்ற அந்நாணயத்தை மாணவரொருவர் என்னிடங் கொணர்ந்தார். எனக்குக் காட்டுதற்கெனப் புளியுஞ் சாம்பலுமிட்டுத் துலக்கியிருந்தார். உருப்பெருக்கியில் நோக்கியபோது தளமெங்கும் நுண்கீறல்களே தெரிந்தன. அது எவ்வகையினது எனத் துணிதல் இயலாதாயிற்று. பாட்டனார் பல்லாண்டு காத்தது ஒரு காலைப்பொழுதிற் கெட்டது.

அச்சு தந்த ஒளி வேறு. துலக்கிப் பெற்ற ஒளி வேறு. கீறலின்றி ஒளிர்வது முன்னையது. கீறலால் ஒளிர்வது பின்னையது. வாங்குவோர் இவ்வேறுபாட்டை அறியாராயின் ஏமாறுவர்.

ஆதலின் நாணயத்தை விளிம்பிற் பற்றுக; துடையாது விடுக; உப்புக்காற்று வீசும் எம்மூரில் ஈரம்புகாப் பேழையில் வைக்க. கறுத்த வெள்ளியும் வரலாறு கூறும்; தேய்த்த வெள்ளி கூறாது.