பத்துப் பொருத்தம் போதுமா?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் இருக்கிறது பிரம்மதேசம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தால் போதும், உப்பளத்துக்குப் போய்வந்த கால்களைத் தனியாக அடையாளம் கண்டுபிடித்து விடலாம். வெடித்த குதிகால், வெளுத்துப்போன விரலிடுக்கு, ஆறாத சின்னச் சின்னப் புண்கள்.

"சார், ஜீனையே மாத்தி தோல் வியாதியைக் குணப்படுத்தறாங்களாமே... பேப்பர்ல போட்டிருக்கான். இந்தக் காலுக்கு அது ஆவுமா?" என்றார், பாத்தி மிதித்தே நரைத்துப்போன ஒரு பெரியவர்.

"ஆகாது பெரியவரே!"

"அப்பாடா, காசு மிச்சம்!" என்று சிரித்தார்.

காரணம் சொன்னேன். அவர் காலுக்கு வில்லன் வெளியே இருக்கிறான். உப்புத் தண்ணீரும் வெயிலும்தான் தோலை அரிக்கின்றன. அதற்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவல், கொஞ்சம் வாசலைன், புண் ஆறவில்லையென்றால் ஒரு சர்க்கரைப் பரிசோதனை... இவ்வளவுதான். ஜீன் சிகிச்சை, வில்லன் உள்ளேயே உட்கார்ந்திருக்கும் கேஸ்களுக்கு!

அப்படி ஒரு வியாதி, எபிடெர்மோலைசிஸ் புல்லோசா. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் 'ஈ.பி.' என்பார்கள். நம் தோலின் மேலடுக்கு உள்ளடுக்கோடு சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. சில புரதங்கள் ஆணி அடித்த மாதிரி இரண்டையும் பிடித்து வைத்திருக்கின்றன. அதில் ஒன்று 'கொலாஜன் 7'. அதைத் தயாரிக்கச் சொல்லும் ஜீனில் பிழை இருந்தால் ஆணி இருக்காது. பசையில்லாத தபால்தலை மாதிரி தோல் கழன்றுவிடும். சட்டை உரசினால் கொப்புளம், தூக்கிக் கொஞ்சினால் காயம். பட்டாம்பூச்சியின் இறகு போன்ற தோல் என்பதால் 'பட்டாம்பூச்சிக் குழந்தைகள்' என்று உலகம் முழுக்க ஒரு செல்லப் பெயர். பெயரில்தான் அழகு. பெற்றவர்கள் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இது தொற்று நோய் அல்ல. பூர்வ ஜென்மப் பாவமும் அல்ல. ஆனால் நம் ஊரில் முதல் பழி யார் தலையில் விழும்? பெற்றவள் தலையில்தான்!

வைரஸ் போஸ்ட்மேன்!

2015-ல் ஜெர்மனியின் போஹும் நகர ஆஸ்பத்திரிக்கு சிரியாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தின் 7 வயதுப் பையனைக் கொண்டுவந்தார்கள். இந்த வியாதியில் ஒரு வகை. உடம்பில் பெரும்பகுதித் தோல் போய்விட்டது. டாக்டர்கள் கிட்டத்தட்டக் கைவிட்ட நிலை. இத்தாலியின் மொடெனா நகரிலிருந்து மிக்கேல் டி லூக்கா என்ற விஞ்ஞானி கை கொடுத்தார். நல்ல இடத்திலிருந்து தபால்தலை அளவுத் தோலை எடுத்து, அதன் செல்களுக்குள் சரியான ஜீனைப் புகுத்தி, தாள் தாளாகத் தோல் வளர்த்தார்கள். உடம்பில் சுமார் 80 சதவிகிதம் புதுத் தோல்! 2016-ல் வீடு திரும்பிய பையன் பிறகு ஃபுட்பால் ஆடினான். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தோல் கெட்டியாகவே இருந்தது.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். உதட்டோரம் சிலருக்குக் கொப்புளம் போடுமே, அந்த ஹெர்பிஸ் வைரஸைப் பிடித்து, பல்லைப் பிடுங்கி, பெருக முடியாதபடி செய்து, 'கொலாஜன் 7' ஜீனை முதுகில் ஏற்றி அனுப்பினார்கள். திருடனை போஸ்ட்மேன் ஆக்கின கதை! வாரம் ஒரு தடவை புண்ணின் மேல் சொட்டுச் சொட்டாக விடும் ஜெல் இது. பெயர் வைஜுவெக். 31 பேரிடம் சோதித்ததில், ஆறு மாதத்தில் மருந்து போட்ட புண்களில் 67 சதவிகிதம் முழுக்க ஆறின. வெறும் ஜெல் போட்டவற்றில் 22 சதவிகிதம்தான். 2023 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதித்தது. நோயாளியின் சொந்த செல்லைத் திருத்தி வளர்க்கும் தோல்தாளான ஜெவாஸ்கின்னுக்கு 2025 ஏப்ரலில் அனுமதி.

விலை? பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளுங்கள். ஜெல் ஒரு குப்பி 20 லட்ச ரூபாய்க்கு மேல். தோல்தாள் சிகிச்சை 25 கோடியைத் தாண்டும்!

நம்ம வேலூர்!

மனம் தளர வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யில் ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு, அவர்களுடைய ஸ்டெம் செல்லையே ஜீன் மூலம் திருத்திக் கொடுத்தார்கள். பிறகு அவர்களுக்கு ரத்தக் கசிவே வரவில்லை என்று 2024 டிசம்பரில் உலகப் பத்திரிகையில் வெளியானது. ரத்தப் புற்றுநோய்க்கு மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கி, 2023-ல் அனுமதி பெற்ற செல் சிகிச்சை, வெளிநாட்டு விலையில் சுமார் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. ரத்தத்துக்கு முடிந்தது தோலுக்கும் முடியாதா என்ன?

அதுவரை? இப்படிப்பட்ட குழந்தைக்கு ஒட்டும் பிளாஸ்திரி கூடவே கூடாது, பிரிக்கும்போது தோலும் வந்துவிடும். ஒட்டாத, வாசலைன் தடவிய கட்டுத்துணிதான். கண்ட பச்சிலையும் வேண்டாம். தோல் டாக்டரிடம் காட்டி, எந்த வகை என்று பரிசோதித்துக் கொள்வது அவசியம். அப்புறம், 'வெண்புள்ளிக்கு, சொரியாசிஸுக்கு ஜீன் கிரீம்' என்று லாட்ஜில் ரூம் போட்டு யாராவது விற்றால்... ஓடி வந்துவிடுங்கள்!

இன்னொரு விஷயம். ஈ.பி.யின் கடுமையான வகைகளில் பெரும்பாலும் அப்பா அம்மா இருவரிடமும் அதே பிழை ஒளிந்திருக்கும். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சொந்தத்தில் கட்டினால் ஒரே பிழை இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம். 2019-21 தேசியக் குடும்ப நல சர்வேயின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு சுமார் 28 பெண்கள் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள்!

இதைச் சொன்னதும் பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்க அக்காவுக்கு ஒரு கொழந்த... பொறந்தப்பவே உடம்பெல்லாம் கொப்புளம். ஒரு மாசத்துல போயிடுச்சு. அம்மைன்னு சொன்னாங்க. அக்காவத்தான் ராசியில்லாதவன்னு ஏசினாங்க. தாய்மாமனத்தான் கட்டியிருந்துச்சு..."

அது ஈ.பி.யா, வேறு ஏதாவதா? இப்போது யாராலும் சொல்ல முடியாது.

"இப்ப எம் பேத்திக்கும் மாமனையே பேசி வெச்சிருக்கோம் சார். பத்துப் பொருத்தமும் பார்த்தாச்சு."

"தேதி குறிக்கறதுக்கு முன்னாடி பெரிய ஆஸ்பத்திரியில ஜெனடிக் டாக்டரைப் பார்த்து, அக்கா கொழந்தை விஷயத்தையும் சொல்லிடுங்க."

கொஞ்ச நேரம் உப்பளம் இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

"சரி சார், பதினொண்ணாவது பொருத்தத்தையும் பார்த்துடறேன். மொதல்ல எங்க அக்காவப் போய்ப் பார்க்கணும். உம்மேல தப்பு இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."